நல்ல கன்று எது என்று சொல்லிக் கொடுத்தவள்

கொடுப்பதில் கண்டக்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேருந்தில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருப்பேனா என்கிறது. ஏணி போயிற்று, குடை போயிற்று, குக்கர் மூடி மட்டும் தனியாகப் போய்த் தனியாகவே திரும்பி வந்தது. வாசலில் நின்று யாராவது நல்லா இருக்கே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துக்கோங்க என்பார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கும் அவர் மனைவிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வினை வாழையில் வந்தது. பின்பக்கம் இருந்தது ஒரே ஒரு வாழை. தார் வெட்டியாயிற்று. ஒருமுறை தார் விட்ட மரம் மறுபடி விடாது, இனி கன்றுதான் கதி. திங்கட்கிழமை மதில் கட்டத் தோண்டுகிறார்கள், மரம் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. அதற்குள் ஒரு கன்றையாவது பிரித்துத் தையலறை ஜன்னலுக்கு வெளியே நட்டுவிட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். இருந்தவை நான்கு கன்றுகள். கண்டக்டர் வாக்குக் கொடுத்திருந்ததோ ஆறு பேருக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நல்லா பாத்துக்கோங்க. இந்த மூணும் இலை அகலமா, பாக்க அழகா இருக்கு. ஆனா கிழங்குல சத்து கிடையாது. இதோ, இலை கத்தி மாதிரி ஒடுங்கி நிக்குதே, இதுதான் நல்ல கன்னு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. இது நல்லது."

ஞாயிறு காலை அவள் பள்ளிச் சீருடைகளோடு உட்கார்ந்தாள். மெஷின் சத்தத்தில் வெளியே நடப்பது எதுவும் கேட்காது. மத்தியானம் கடப்பாரையோடு போய்ப் பார்த்தால், அகல இலைக் கன்றுகள் மூன்றும் அப்படியே நின்றன. நல்ல கன்று இருந்த இடத்தில் ஒரு குழி.

"உன் தங்கச்சி வந்தா. நீ வேலையா இருக்கே, கூப்பிட வேணாம்னுட்டா. கன்னு கேட்டா, கொடுத்தேன்."

"அதையா கொடுத்தீங்க?"

"நீதானேம்மா அதுதான் நல்லதுன்னு சொன்னே. உன் கூடப்பொறந்தவளுக்குப் போய் சத்தில்லாததையா கொடுப்பாங்க?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். யாரை நோவது? அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள்.

"முப்பது வருஷத்துல இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பொருள் தங்கியிருக்கா? இந்த ஒரு கன்னு எனக்கு வேணும்னு நெனச்சேன். அதுவும் போச்சு."

கண்டக்டர் முகம் சுருங்கிப்போயிற்று. "நான் போய்த் திருப்பி வாங்கிட்டு வரட்டுமா?"

"இருக்கற மானமும் போகணுமா? மீதி மூணையும் எடுத்துக் கொடுத்துடுங்க. நிம்மதியா இருங்க."

ஆத்திரத்தில் சொன்னது. அந்த மனுஷன் சாயங்காலத்துக்குள் மூன்றையும் கொடுத்தே விட்டார்.

திங்கட்கிழமை, தோண்ட வந்தவர்கள் தாய்மரத்தின் அடியைப் பெயர்த்து வெளியே உருட்டினார்கள். அவள் தைப்பதை விட்டுவிட்டு ஓடிப் போய்க் கிழங்கைப் புரட்டி மண்ணைச் சுரண்டினாள். ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முளை இருந்தது. அரிவாளால் அந்த முளையோடு தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டின இடம் காய நிழலில் வைத்து, மறுநாள் ஜன்னலடியில் நட்டாள். மேலே ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்தாள். என்ன அது என்று கண்டக்டர் கேட்டதற்கு, கல்லு என்றாள்.

ஒரு மாதம் கழித்து மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது இலை. கத்தி மாதிரி ஒடுங்கின இலை. இனிக் கல் என்று யாரை ஏமாற்றுவது? கூடையை எடுத்துவிட்டாள்.

அந்த வாரமே மருந்துக்கடைக்காரர் மனைவி வந்து நின்றாள். "என்ன கண்டக்டர் சார், எனக்கு ஒரு கன்னு தரேன்னு சொல்லியிருந்தீங்களே. ஜன்னல்கிட்ட ஒண்ணு நிக்குதே?"

உள்ளே மெஷின் நின்றது. போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

"அது என்னோடது இல்லைங்க," என்றார் கண்டக்டர். "அவளோடது. அவளத்தான் கேக்கணும்."

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் 'இல்லை' இதுதான். அந்தச் சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் எழுந்து ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"இது கன்னு விடட்டுங்க. மொத கன்னு உங்களுக்குத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்டக்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்காதீங்க," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.