மாமா தண்ணீர் குடிக்கும் நேரம்

நீல நிறத்தில் ஒரு லிட்டர் பாட்டில். அதன் கழுத்தில் பழைய ஷூ லேஸைக் கட்டி மைக் ஸ்டாண்டில் மாட்டியிருப்பார் மாமா. போன ஞாயிறு திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் அதைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விசில் ஊத இன்னும் கால்மணி நேரம் இருந்தது. இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்றால், தேவைதான்!

மாமா என் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஞாயிறானால் ஏரியா ஃபுட்பால் ஆட்டங்களுக்கு மைக் பிடிப்பார். பந்து கோல் பக்கம் போனால் "பாரு பாரு பாரு..." என்று இழுத்து, "உள்ள பூந்துட்டான்!" என்று முடிப்பார். அவர் கத்தாவிட்டால் அது கோலே இல்லை என்று தகராறு செய்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு நாக்கில் புற்று வந்தது. அறுத்தார்கள், கழுத்துக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், உயிர் பிழைத்தார். ஆனால் எச்சில் சுரப்பது நின்றுபோனது. இட்லியை ரசத்தில் ஊறவைத்தால்தான் தொண்டையில் இறங்கும். அத்தையின் மீன்குழம்பு வாயில் பட்டாலே எரியும். கழுத்து இறுகிவிட்டதால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். "நோவு பூட்ச்சு, வால மட்டும் இங்கியே வுட்டுட்டு பூட்ச்சு" என்பார், சிரிக்காமல்.

ஒரு வருடம் கழித்து ஒரு செமி ஃபைனல். "இன்னிக்கு முடிலன்னா இனிமே மைக்க தொடமாட்டேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். தண்ணீர் பாட்டிலை யார் கண்ணிலும் படாமல் நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஊரே பரிதாபப்படுமாம். வீம்பு, வேறென்ன? கண்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி வேறு. பந்து வலது பக்கம் போனபோதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியோடு திரும்பித் திரும்பிப் பேசினார். மறைவாகக் குனிந்து ஒரு வாய் குடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நிமிடம், எங்கள் பையன் ஒருவன் மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு பாய்ந்தான். "பாரு பாரு பாரு..."

அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மைக்செட்காரர், "டேய், ஒயரு புட்டுக்கிச்சுடா!" என்று கம்பத்தைப் பார்த்து ஓடினார். மாமாவின் கை நாற்காலிக்கு அடியில் துழாவியது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தாள்: "உள்ள பூந்துட்டான்!" அடுத்த நொடி மைதானம் மொத்தமும் அதையே கத்தியது. பந்து வலையில் கிடந்தது. மாமா கண்ணில் நீரோடு பாட்டிலைத் திறந்து, எல்லார் எதிரிலும் மடமடவென்று குடித்தார். பிறகு மைக்கில், "ஆமாம்பா, பூந்தே பூட்டான்!" என்றார். அன்று மைக் ஸ்டாண்டுக்கு ஏறிய பாட்டில் அப்புறம் கீழே இறங்கவில்லை. அவர் அதைத் தூக்கினால் மிச்சத்தை நாங்கள் சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது.

வருடங்கள் ஓடிவிட்டன. வாய் வறட்சி இனிப் போகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இட்லி இன்றைக்கும் ரசத்தில்தான் ஊறுகிறது, பல்லில் பாதி கொட்டிவிட்டது. போன ஞாயிறு ஃபைனல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், ஆட்டம் முடியும் நேரம். பந்து பறந்தது. "பாரு பாரு பாரு..." என்று இழுத்துப் பாட்டிலைத் தூக்கினார் மாமா. மைதானம் அதிர்ந்தது. நான் அத்தையோடு அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததால் அதைப் பார்த்தேன். பாட்டிலை வாயருகே பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்த! பாட்டிலு மூடியே தொறக்கல அத்த!"

"எனுக்குத் தெரியாதா? எப்பவும் இப்டித்தான். நீ கத்துடீ!" என்றாள் அத்தை.

தொண்டை கிழியக் கத்தினேன்.