மெழுகுக்குள் இருந்த துண்டு

என் தம்பியின் நாக்கிலிருந்து வெட்டி எடுத்த கட்டியை ஆற்றில் விட்டவன் நான்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகவே செய்தேன். எழுதினால் மனசு லேசாகும் என்று எவனாவது சொன்னால் எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் வரும்.

தம்பி சரக்கு ஆட்டோ ஓட்டினான், கல்யாணமாகி ஒரு பெண்பிள்ளை. எனக்குப் பேட்டையில் லேத் பட்டறை. இரண்டு பேருக்கும் புகையிலைப் பழக்கம். அவனுக்கு நாக்கின் ஓரத்தில் புண் வந்தபோது, பல் குத்திக் குத்தி வந்தது என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தான். நானும் அதையே சொன்னேன். அப்படிச் சொன்னால்தானே எனக்கும் பயமில்லாமல் இருக்கும். கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதி நாக்கை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு, ஊரில் சொல்வதுபோல் கரண்ட், வைத்தார்கள். அதற்கப்புறம் அவன் பேசுவது எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும்தான் புரிந்தது. மற்றவர்களுக்கு நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கட்டியைச் சோதித்த லேபில் ரிப்போர்ட் வாங்கப் போனவன் நான். அதோடு ஒரு கவரும் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பழுப்பாக ஒரு துண்டு. தம்பியின் சதை. "பத்திரமா வச்சிக்கோங்க" என்று சொல்லி நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எதற்குப் பத்திரம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேத்தில் ஒரு உருப்படியை மாட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கிறவன், இங்கே வாயைத் திறக்கவில்லை.

தம்பி மனைவி அதைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நோயை வெட்டி எடுத்துவிட்டு அதையே வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது என்ன புத்தி என்று அவளைத் திட்டினேன்.

எங்கள் பக்கம் பெரிய நோயிலிருந்து எழுந்தால் தாமிரபரணியில் முங்கி, நோயில் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறுவோம். தம்பி மனைவி பிறந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கும் முக்கூடல். தம்பியை அங்கே கூட்டிப் போனேன். தம்பி தொண்டையில் தண்ணீர் போய்விடாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினான். ஆஸ்பத்திரியில் இடுப்பில் கட்டியிருந்த இரண்டு சாரத்தையும் சுருட்டி, நடுவில் பீரோவிலிருந்து எடுத்து வந்த அந்தக் கவரை வைத்து, ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி நான்தான் வீசினேன். தம்பி பார்த்துக்கொண்டுதான் நின்றான். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். வரும் வழியில் அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த வருஷம் கழுத்தில் மறுபடி வந்தது.

இந்தத் தடவை டாக்டர் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. வழக்கமான கீமோ ஒரு வழி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டிக்கு எதிராகக் கிளப்பிவிடும் புது மருந்து இன்னொரு வழி. அந்த மருந்து எல்லோருக்கும் கேட்காது. கட்டியின் சதையில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நிறைய இருந்தால் மருந்து கேட்க வாய்ப்பு அதிகம் என்றார். அந்த ரிப்போர்ட் இல்லாமல் இன்சூரன்ஸில் மருந்துக்கு அனுமதி வாங்க முடியாதாம். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"புதுசா ஒண்ணும் வெட்ட வேண்டாம். பழைய மெழுகுக் கட்டி இருக்கும்லா, அதக் கொண்டு வாங்க. அதுலயே பாத்துரலாம்."

லேபில் அப்படி எதுவும் தரவில்லை என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. டாக்டர் போனை எடுத்து லேபில் கேட்டார். கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். கையெழுத்துப் போட்டவர் பெயரை டாக்டர் சத்தமாகச் சொன்னார். அது என் பெயர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு என்னவோ சொன்னான்.

"என்ன சொல்லுதாரு?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். வேறு யாருக்கும் புரிந்திருக்காது. ஆனால் அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஆத்துல விட்டுட்டோம், அது நீந்தித் திரும்பி வந்துட்டுன்னு சொல்லுதான் சார்."

தம்பி சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஏன் ஒருத்தனும் முதலிலேயே சொல்லவில்லை என்று. அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

புதிதாகச் சதை எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் கொடுத்து வெட்டலாம் என்றால் அவன் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்காது. கழுத்தோ கரண்ட் வைத்ததில் செருப்புத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தது, கட்டியும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தது. ஊசியை விட்டு எடுத்தார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. சோதனைக்குப் போதுமான செல்கள் இல்லை. அவ்வளவுதான் போட்டிருந்தது. மருந்து கேட்கும் என்றும் இல்லை, கேட்காது என்றும் இல்லை.

இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார்கள். தம்பி, "போதும்ணே, என்னைய விட்டுரு" என்றான். நான் கட்டாயப்படுத்தவில்லை. எந்த முகத்தோடு கட்டாயப்படுத்த? கீமோவே கொடுத்தார்கள். இரண்டாவது தடவைக்கே கட்டி அடங்கவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனி மாதம் போய்ச் சேர்ந்தான்.

சொந்தக்காரர்கள் விதி என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. விதி கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. விதி கல்லை வைத்துக் கட்டவில்லை.

போன வாரம் இன்சூரன்ஸ் காகிதத்தில் ஒப்பம் வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டாள்.

"அத்தான், அந்தப் புது மருந்து இவுகளுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்காது என்று சொன்னால் எனக்கு நல்லது. கேட்டிருக்கும் என்று சொன்னால் அவளுக்கு என்னை வெறுக்க வசதியாக இருக்கும். இரண்டுமே எனக்குத் தெரியாத விஷயம்.

"தெரியலம்மா. தெரிஞ்சிக்கிடுததுக்கு இருந்தது அது ஒண்ணுதான்" என்றேன்.

அவள் அழவில்லை. பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

"கதவப் பைய சாத்திட்டுப் போங்க. பிள்ள உறங்குது" என்றாள்.