முப்பத்தொன்பதாம் அளவு

நான் வேலை செய்யும் கடையில் எனக்கென்று ஒரு சிறிய இரும்பு அலுமாரி இருக்கிறது. அதன் கதவுக்கு உட்பக்கம் ஒரு சப்பாத்தின் உள்ளட்டை தொங்குகிறது. உள்ளட்டை என்றால், சப்பாத்துக்குள் பாதம் படும் இடத்தில் போட்டிருக்கும், கையால் இழுத்தால் வெளியே வரும் மெல்லிய அட்டை. இடது கால். அளவு முப்பத்தொன்பது. சின்ன விரல் படும் ஓரத்தில் தேநீர் காய்ந்தது போல ஒரு கறை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். நான் செய்த பிழை என்று சொல்வேன். ஜேர்மன்காரர் அதற்கு மேல் கேட்பதில்லை. எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தச் சப்பாத்து என் மச்சாளுடையது. என் கணவரின் மூத்த அக்கா. எங்களுக்கு முன்பே பிராங்பேர்ட்டுக்கு வந்தவர், புருஷன் இறந்த பிறகும் தனியாக ஒரு அறை எடுத்து இருந்தவர். வீடுகள் துப்புரவு செய்வதுதான் வேலை. நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வீடுகள். எஸ்-பான் ரயில் அந்தத் தெருக்களுக்குப் போகாது. பஸ் போகும், ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக அரை மணித்தியாலம் நிற்கவேண்டும். எனவே சைக்கிள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போனவர், இடம்பெயர்ந்தபோது அரிசி மூட்டையையும் என் கணவரையும் அதே சைக்கிளில் ஏற்றி உழக்கியவர். ஜேர்மனிக் குளிர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மழை, உறைபனி, காற்று, எல்லாவற்றிலும் போவார். எதிர்க்காற்றில் வரும்போது ஆளைப் பார்த்தால் யாருடனோ சண்டைக்குப் போகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

காலில் போட்டிருந்தது மட்டும் பார்க்கச் சகிக்காது. மெல்லிய துணிச் சப்பாத்து, பின்பக்கம் முழுவதும் மிதித்து மடிந்து தட்டையாகக் கிடக்கும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். போகும் வீட்டிலெல்லாம் வாசலில் கழற்றவேண்டும், கோயிலில் கழற்றவேண்டும், யார் குனிந்து நாடா அவிழ்ப்பது? குதியை மிதித்துச் செருப்பாக்கிவிடுகிறோம். மச்சாளுக்கு இது பழக்கம் மட்டுமல்ல, தொழிலும்கூட. ஐந்து வீடுகளிலும் வாசலில் கழற்றி, முடிந்ததும் போட்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மாரி காலத்தில் காலுறைக்கு மேல் பாண் வாங்கின பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு அதற்குள் காலைத் திணிப்பார்.

"மச்சாள், இது சப்பாத்தோ செருப்போ?" என்று ஒருநாள் என் வீட்டு வாசலில் கேட்டேன்.

"உள்ளுக்குப் போகேக்க சப்பாத்து, வெளியில வரேக்க செருப்பு. உமக்கென்ன?"

பொலித்தீனைக் கழற்றினார். காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கால் விரல்கள் வெள்ளையும் நீலமுமாக இருந்தன.

"ஐயோ, காலைப் பாருங்கோ. ஐசில போட்ட மீன் மாதிரிக் கிடக்கு."

"நீர் கடைசியா ஒரு முழு மீனைப் பாத்து எத்தினை வருசம்? எல்லாம் பெட்டியில வெட்டித்தானே வாங்கிறீர். கத்தாதையும். தேத்தண்ணியைப் போடும்."

எனக்குக் கோபம் வந்தால் நான் உதவி செய்வதும் சண்டை போடுவது போலத்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை கடைக்கு வரவேண்டும், வராவிட்டால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்றேன். நான் விளையாட்டு வீரருக்கான சாமான்கள் விற்கும் கடையில் சப்பாத்துப் பகுதியில் வேலை செய்கிறேன். மாரியில் சைக்கிள் ஓட எப்படிப்பட்ட சப்பாத்து வேண்டும் என்பது எனக்கு நித்திரையிலும் தெரியும். தண்ணீர் புகக் கூடாது. கணுக்காலை மூடவேண்டும். அடி விறைப்பாக இருக்கவேண்டும், ஆனால் பனியில் இறங்கி நடந்தால் வழுக்கக் கூடாது. தையல் பிரியாத, அடி கழன்று போகாத சாமானாக இருக்கவேண்டும். பிற்பகலில் வாங்கவேண்டும், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். மாரியில் போடும் தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்கவேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சமிருக்கவேண்டும். இறுகினால் இரத்தம் ஓடாது, சூடான காற்று நிற்காது, எவ்வளவு நல்ல சப்பாத்தும் குளிரும். இதை நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்வேன். சொந்த மச்சாளுக்குச் சொல்லவில்லை.

அவர் வந்தது காலையில், கடையில் சனம் முட்டிய நேரம். வந்ததும் கம்பளம் தொடங்கும் இடத்தில் தன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு என்னை நோக்கி நடந்து வந்தார். விளையாட்டுக் கடைக்குள் கோயிலுக்கு வருவது போல. எனக்கு வெட்கமாகிவிட்டது. என்ன அளவு என்றேன். முப்பத்தொன்பது என்றார், எப்போதும் முப்பத்தொன்பதுதான். அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அளக்கவில்லை. முப்பத்தொன்பதையும் நாற்பதையும் கொண்டுவந்து, அவர் போட்டிருந்த மெல்லிய காலுறைக்கு மேலேயே போட்டுவிட்டேன்.

"கடிக்குதோ?"

"இல்லை, நல்லா இருக்கு."

"நாப்பது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதல் போட்டதுதான் காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"விரலை ஆட்டிப் பாருங்கோ. வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ, பிறகு வந்து என்னட்டைச் சொல்லக்கூடாது."

"ஆட்டுறன், ஆட்டுறன். அங்க அந்த மனிசன் உம்மைப் பாத்துக்கொண்டு நிக்குது. போய்ப் பாரும்."

முப்பத்தொன்பதைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தேன். கறுப்பு நிறம், நாடாவுக்குப் பதிலாகத் திருகி இறுக்கும் ஒரு சின்னச் சில்லு. குதிப்பக்கம் கல்லுப்போல உறுதி. "இதை மிதிக்க ஏலாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மூன்று கிழமை எல்லோருக்கும் அந்தச் சப்பாத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார். தம்பி பெண்சாதி தெரிவு செய்து தந்தது என்று கோயிலில் சொன்னாராம். இன்னும் சூடாக இருக்கட்டும் என்று இரண்டு காலுறை போட்டிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். வாசலில் கழற்றினார். உள்ளே நடந்து வரும்போது தரையில் இடது காலடி ஒவ்வொன்றும் சிவப்பாகப் பதிந்துகொண்டு வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மச்சாள், நில்லுங்கோ. கால்ல என்ன?"

குனிந்து பார்த்தார். "எந்த வீட்டில எதை மிதிச்சனோ தெரியாது. நேற்று அந்த டொக்டர் வீட்டில வைன் போத்தல் உடைஞ்சது."

காலுறையை உரித்தேன். சின்ன விரலின் பக்கம் தோலே இல்லை. உள்ளே கறுப்பாக இருந்தது. நோகவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சீனி வருத்தம் இருப்பது எங்களுக்குத் தெரியும், குளிசை போடுவதும் தெரியும். கால் விறைத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பது தெரியாது. வெறுங்காலோடு நிற்கும்போதும் தடித்த காலுறை போட்டது போலத்தான் இருக்கும் என்று அன்று சொன்னார். வைத்தியர் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார். இவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லேல்லை? கால் போனாலும் பறவாயில்லை எண்டு நினைச்சனீங்களோ?"

"கால் போகுமெண்டு நான் நினைக்கேல்லை. சைக்கிள் போகுமெண்டுதான் நினைச்சன். தம்பி அறிஞ்சால் பூட்டிப்போட்டு, இங்க உம்மடை சோபாவில கொண்டந்து இருத்திப்போடுவான். பிறகு நான் ஆர்?"

காரை எடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் வைத்தியர், நைலோன் நூல் போன்ற ஒன்றை எடுத்து, கண்ணை மூடச் சொன்னார். தொடும்போது சொல்லவேண்டும். நான் மொழிபெயர்த்தேன். வைத்தியர் பெருவிரலைத் தொட்டார், பாதத்தின் நடுவைத் தொட்டார், குதியைத் தொட்டார். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு நல்ல பிள்ளை போலக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் போனதும் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "தொடங்கீட்டாவோ?" என்று கேட்டார். வைத்தியர் அப்போது நான்காவது இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சப்பாத்தைக் கேட்டார். உள்ளட்டையை இழுத்துத் தரையில் வைத்து, மச்சாளின் பாதத்தை அதன்மேல் மெல்லப் பிடித்துக் காட்டினார். சின்ன விரல் முழுவதும் அட்டைக்கு வெளியே நின்றது. குதியும் வெளியே நின்றது. இது அவருடைய அளவே இல்லை. இவ்வளவு வருடமும் பின்பக்கத்தை மிதித்து, குதியை வெளியே விட்டுத்தான் முப்பத்தொன்பதுக்குள் இருந்திருக்கிறார். விரல்களுக்கு இடம் கிடைத்ததே அதனால்தான். நான் திட்டித் தீர்த்த அந்தப் பழந்துணி அவருடைய காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த நல்ல சப்பாத்து குதியை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டது. உணர்ச்சி குறைந்த கால் இறுக்கமான சப்பாத்தைத்தான் விரும்பும், அதுதான் காலில் இருப்பது போலத் தெரியும் என்றார் வைத்தியர். இதை யார் தெரிவு செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சின்ன விரலை எடுத்தார்கள். ஆறு கிழமை எங்கள் வீட்டில், அவர் பயந்த அதே சோபாவில் இருந்தார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மடித்த உடுப்புகளை அவிழ்த்துத் திரும்ப மடிப்பார். யன்னலால் கீழே சைக்கிள் நிற்கும் இடத்தைப் பார்ப்பார். சைக்கிள் அங்கே இல்லை. என் கணவர் அதை நிலவறையில் பூட்டி, திறப்பைத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். காயம் ஆறி, வைத்தியர் நடக்கலாம், சரியான சப்பாத்தோடு சைக்கிள் ஓடவும் செய்யலாம் என்று சொன்ன அன்று நான் கணவரிடம் திறப்பைக் கேட்டேன்.

"உமக்கு விசரோ? அக்கான்ரை விரல் போனதே உம்மாலதான்."

அதுவரை அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொன்னது நல்லதாகப் போயிற்று.

"ஓம், என்னாலதான் போனது. சைக்கிளால போகேல்லை. திறப்பைத் தாங்கோ."

மச்சாள் சோபாவிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் திறப்பை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார். மச்சாள் அதை எடுக்கவில்லை. நான் எடுத்து அவர் மடியில் வைத்து இரண்டு நிபந்தனை சொன்னேன். இனிச் சப்பாத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டேன், நானே அளப்பேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்து எனக்கு அனுப்பவேண்டும்.

"உள்ளங்காலையோ? உமக்கு வேற படம் கிடைக்கேல்லையோ?"

"அனுப்பாத அண்டைக்குத் திறப்பு என்னட்டை வந்திடும்."

அளந்தேன். பிற்பகலில், மாரிக் காலுறையோடு, உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நிற்கவைத்து. நாற்பத்தொன்று, அகலமான வகை. உள்ளே கையை விட்டு ஒவ்வொரு தையலையும் தடவிப் பார்த்தேன். ஒரு காலுறைக்கு மேல் போடக்கூடாது என்றேன். கழற்றிப் போட நேரம் போகிறது என்று முறைப்பட்டார். ஐந்து வீட்டிலும் வாசலில் ஒரு கதிரை வைக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். இருபது வருடத்தில் அந்த வீடுகளில் ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கேட்டுக் குடிக்காதவர். ஒரு கிழமை யோசித்துவிட்டுக் கேட்டார். ஐந்து வீட்டிலும் கதிரை வந்தது.

படங்களும் வந்தன. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களுக்கும் கடை நேர அட்டவணைக்கும் நடுவில் என் தொலைபேசியில் நாளுக்கு இரண்டு உள்ளங்கால். சில நாட்களில் கீழே ஒரு வரி: "இண்டைக்கும் ஒன்பது விரல்." எனக்குக் கோபம் என்று தெரிந்த நாட்களில் வேண்டுமென்றே மங்கலாக எடுத்து அனுப்புவார், நான் அழைத்துத் திட்டவேண்டும் என்பதற்காக. ஏழு மாரி அந்த நாற்பத்தொன்றாம் அளவுச் சப்பாத்து உழைத்தது. குதி மடியவே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நெஞ்சு வலி வந்து, ஒரே நாளில் போய்விட்டார். முதல்நாள் பின்னேரமும் படம் வந்திருந்தது. தொலைபேசியில் இடமில்லை, எதையாவது அழி என்று அது அடிக்கடி எனக்குச் சொல்கிறது. நான் வேறு எதையாவது அழிக்கிறேன்.

போன சனிக்கிழமை பிற்பகல் ஒரு ஜேர்மன் மனிதர் மனைவியோடு வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மாரியிலும் மைன் ஆற்றங்கரையால் சைக்கிளில் போகிறவர், நல்ல சப்பாத்து வேண்டும் என்றார். மூன்று அளவு கொடுத்தேன். மூன்றும் பொருந்துகிறது என்றார். மனைவி கையுறைகளைப் புரட்டிக்கொண்டு நின்றாள். நான் உள்ளட்டையை இழுத்துத் தரையில் வைத்து ஏறி நிற்கச் சொன்னேன். விரல் வெளியே நின்றது. அவரை இருத்தி, காலுறையைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். இது கடைக்காரியின் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். என் பேனையின் பின்முனையால் பெருவிரலைத் தொட்டேன். பாதத்தின் நடுவைத் தொட்டேன். சின்ன விரலை அழுத்தினேன்.

அவர் கண்ணை மூடியபடி மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்: "தொடங்கிவிட்டீர்களா?"

மனைவியின் கையிலிருந்த கையுறை விழுந்தது. அவள் என் பேனையைப் பார்த்தாள், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும். இன்று சப்பாத்து விற்கமாட்டேன், முதலில் வைத்தியரைப் பார்க்க நேரம் கேட்டு ஒரு டேர்மின் எடுங்கள், அதன் பிறகு பின்னேரத்தில் வாருங்கள், அளக்கிறேன் என்றேன். சைக்கிளை விடவேண்டுமா என்று அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார். மனைவி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை என்றேன்.

அவர்கள் போனதும் என் அலுமாரியைத் திறந்தேன். உள்ளட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கறை அப்படியே இருக்கிறது. மூடிவிட்டு அடுத்தவரிடம் போனேன். என்ன அளவு என்று கேட்கவில்லை.