பூசையில் வைத்த ஒப்படைகள்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்துதான் நான் பட்டப்படிப்புப் படித்தேன். பல்கலைக்கழகம் மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. அதன் தொலைக்கல்விப் பிரிவு ஹட்டனில் ஒரு பாடசாலையிடம் வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கி, சனி ஞாயிறுகளில் எங்களுக்குப் பாடம் நடத்தியது. மேசைக்கடியில் முழங்கால் நுழையாது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, மடியில் கொப்பியை வைத்து எழுதுவோம். கரும்பலகையின் ஒரு மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று கட்டம் போட்டுக் கூட்டல் கணக்கு இருக்கும். விரிவுரையாளர் அதைச் சுற்றித்தான் எழுதுவார்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பஸ் வருமா, மழை விடுமா, வரவுப் பட்டியலில் என் பெயர் விடுபட்டிருக்குமா என்று காலையிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். என்னைப் போய் வகுப்புத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். "பயந்தவங்கதான் எதையும் மறக்க மாட்டாங்க" என்று பக்கத்தில் உட்காரும் தோழி காரணம் சொன்னாள்.

அந்த வருடம் பயப்பட நிஜமான காரணமும் இருந்தது. தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பட்டம் கிடைத்தால் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது எல்லை உண்டு. ஒரு வருடம் தவறினால் நான் அந்த எல்லையைத் தாண்டிவிடுவேன். பரீட்சைக்கு முன் ஒப்படை கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கையால் எழுதிக் கொண்டுவரும் பன்னிரண்டு பக்கக் கட்டுரை அது. அதைக் கொடுக்காதவருக்குப் பரீட்சை இல்லை.

நவராத்திரி வந்தது. பாடசாலை மண்டபம் ஒழுகியதால் வாணி விழாவுக்கு எங்கள் வகுப்பறையிலேயே சரஸ்வதி படம் வைத்து, கும்பம் வைத்து, பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கினார்கள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பாடசாலை அதிபர் எங்களிடம், "நீங்களும் படிக்கிற பிள்ளைங்கதானே, ஒங்க பொஸ்தகத்தையும் வைங்க" என்றார். எல்லாரும் கொப்பியையும் பேனாவையும் வைத்தோம். ஒப்படைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தாலும் எல்லாருமே எழுதி முடித்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். சாமி பார்த்தால் நல்லதுதானே என்று, என்னுடையதோடு சேர்த்து இருபத்திரண்டையும் சிவப்பு நூலால் கட்டிச் சரஸ்வதியின் காலடியில் வைத்தேன். என்னுடையதை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அவ்வளவு ஆசை எனக்கு.

பூசையில் வைத்ததை விஜயதசமிவரை தொடக்கூடாது. நடுவில் வரும் சரஸ்வதி பூசையன்று படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. ஞாயிறு காலை நான் வீட்டை விட்டுப் புறப்படும்போதே, கொழுந்து பறிக்கும் என் அம்மா, "இன்னைக்கு எழுத்தத் தொட்டுறாத, சொல்லிட்டேன்" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

எங்கள் லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. பஸ் பிரதான வீதிக்கு ஏறியதும் கைத்தொலைபேசி நடுங்கத் தொடங்கியது. முந்திய நாள் மாலை விரிவுரையாளர் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த செய்தி அது. 'ஒப்படைகளை முன்கூட்டியே கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டேஷனில் கோச்சி ஏறி நான் எடுத்துப் போக வேண்டும், தயாராக வைத்திருங்கள்.' அதற்குக் கீழே என் வகுப்பார் வரிசையாகப் போட்டிருந்தது ஒன்றுதான்: எல்லாம் தலைவியிடம் இருக்கிறது.

அந்த எல்லாமும் இருந்தது சரஸ்வதியின் காலடியில்.

பூசை அறை பூட்டியிருந்ததால் அன்று வகுப்பு விறாந்தையில் நடந்தது. பனி உள்ளே வந்து கொப்பி இல்லாத எங்கள் மடிகளில் உட்கார்ந்தது. விரிவுரையாளர் கண்டிப் பக்கத்து முஸ்லிம்; நிதானமானவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவரிடம் சொல்ல எனக்கு இடைவேளைவரை வாய் வரவில்லை. சொன்னபோது அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு வெளங்குது தங்கச்சி. ஆனா நாளைக்குக் காலையில கட்டு ஆபீசுல இருக்கணும். அது என் கையில இல்ல."

அதிபர் கொத்மலையில் ஒரு கோயில் பூசைக்குப் போயிருந்தார். போனில் பிடித்தேன். "எடுங்கன்னும் சொல்ல மாட்டேன், எடுக்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றுவிட்டு வைத்துவிட்டார். வகுப்பில் இருபத்தொரு பேரும் என்னையே பார்த்தார்கள். உள்ளே போக ஒருத்தரும் எழும்பவில்லை. எரிச்சல் வந்தது. வைக்கும்போது எல்லாருக்கும் புண்ணியம், எடுக்கும்போது மட்டும் தலைவியா?

பாடசாலைக் காவல்காரர் சிங்களவர்; எங்களுக்கு நிகராகத் தமிழ் பேசுவார். சாவியைப் போடுமுன் செருப்பைக் கழற்றினார், தொப்பியையும் கழற்றினார். "கும்புட்டுட்டு எடுங்க மிஸ்" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். போனதும் தெரிந்தது. படையல் கடலைக்கு வந்த எலி கும்பத்தைச் சாய்த்துவிட்டிருந்தது. மஞ்சள் தண்ணீர் முழுவதும் கட்டின்மேல்.

கதவுக்கு வெளியே வைத்து நூலை அவிழ்த்தோம். இருபத்தொரு ஒப்படைகளுக்கும் ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. மேலே இருந்த என்னுடையது அவற்றுக்கெல்லாம் குடையாகிவிட்டது. பன்னிரண்டு பக்கமும் மஞ்சளும் நீலமுமாகக் கலங்கி, ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

"பிள்ளையாரோட வாகனம்தானேடி, ஒண்ணும் ஆவாது" என்று தோழி சொல்லிப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். எல்லார் முன்னாலும்தான் அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி ஆகியிருந்தது. "ரெண்டரைவரைக்கும் நிப்பேன். ஏலுமானத எழுதித் தாங்க. ஏத்துக்குவாங்களான்னு சொல்ல ஏலாது. குடுத்துப் பாப்போம்."

எழுதுவதா? இன்றைக்கா? அம்மாவின் குரல் காதிலேயே நின்றது. அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டால் அந்த வருடம் போய்விடும். அந்த வருடம் போனால் எல்லாம் போய்விடும். எங்கள் பேனாக்கள் அத்தனையும் உள்ளே சாமி முன்னால் இருந்தன. விரிவுரையாளரிடம் இருந்தது திருத்தும் சிவப்புப் பேனா. காவல்காரர்தான் வாசல் பதிவேட்டில் எழுதும், மை ஒழுகும் நீலப் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். தோழி கடைக்கு ஓடிக் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கி வந்தாள்.

விறாந்தையில் சாரல் அடித்ததால் வாசலுக்கு உள்ளே முதல் வாங்கில் உட்கார வேண்டியதாயிற்று. நேர் எதிரே சரஸ்வதி. நிமிர்ந்தால் முகம் தெரியும் என்று நான் நிமிரவே இல்லை. முதல் வரியே கோட்டை விட்டுச் சாய்ந்தது. பரீட்சை எழுதும்போது எல்லாம் மறந்துபோகுமோ, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு பந்திக்கும் ஒரு பயம் வந்தது. பயந்துகொண்டேதான் எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தபோது விரிவுரையாளர் வாசலில் குடையோடு நின்றார். அட்டைப் பக்கம்கூட இல்லாமல் அப்படியே கொடுத்தேன். அவர் அதைக் கட்டுக்கு மேலே வைக்காமல் நடுவில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு இறங்கினார்.

அன்றிரவு அம்மாவிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது விரலில் ஒட்டிய மையைப் பார்த்துவிடுவார் என்று கரண்டியால் சாப்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. தோட்டத்துக் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு விரல் பிடித்து முதல் எழுத்து எழுதவைத்து ஏடு தொடக்குவது முன்பள்ளி டீச்சரான என் வேலை. தட்டில் அரிசியைப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொழுந்து மலையிலிருந்து தேநீர் நேரத்தில் ஓடிவந்த ஒரு பெண் தன் மூன்று வயது மகளை என் மடியில் உட்கார வைத்தார். பிள்ளையின் விரலைப் பிடிக்கப் போன என் விரலில் நேற்றைய நீலம் அப்படியே இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"வேற யாரையாவது கூப்புடுங்கக்கா. நான் நேத்து எழுதிட்டேன்."

அவர் குனிந்து என் விரல் மையைப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போடத் தெரியாம ரேகை வைக்கிறவ டீச்சர். எங்க வீட்டுல நேத்து யாரும் எழுதல, அதுக்கு முந்தியும் யாரும் எழுதல. நீங்களே புடிச்சு எழுதி வைங்க."

பிள்ளையின் விரலைப் பிடித்தேன். கோயில் மேட்டில் மட்டும்தான் எங்களுக்குச் சிக்னல் வரும். 'அ'வின் வளைவில் இருந்தபோது பைக்குள் தொலைபேசி நடுங்கியது. எழுத்தைப் பாதியில் விடக்கூடாது என்று முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். விரிவுரையாளரின் செய்தி: இருபத்திரண்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு என்பதை இரண்டு முறை வாசித்தேன். நிமிர்ந்தபோது அந்தத் தாய் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தட்டில் இருந்த எழுத்தைப் பார்த்தபடி, அது கலையாமல் இருக்கக் காற்றுக்குக் கையால் மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்றார்.