மலை தெரியும் வீடு

மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடந்த அந்த நகரத்தில், வீட்டுத் தரகர் ஒருவருக்கு 'வியூ' என்றே பட்டப்பெயர். எந்த வீட்டைக் காட்டினாலும் முதலில் பால்கனிக்குக் கூட்டிப்போய், "வியூவைப் பாருங்க" என்பார். மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பார்த்துத்தான் ஆட்களை வரச்சொல்வார். மற்ற நாட்களில் வண்டிப் புகையும் சூளைப் புகையும் வெளியேற வழியில்லாமல் ஊரின்மேல் கவிந்து கிடக்கும். எதிர்வீட்டு மாடியே கண்ணுக்குத் தெரியாது, மலைக்கு எங்கே போவது?

அப்படி ஒரு மழைக்கு மறுநாள் அவரிடம் வசமாக மாட்டியது, வெளியூரிலிருந்து குடிவர வீடு தேடிய மனைவியின் சொந்தத் தம்பி. ஏழாவது மாடியிலிருந்து மலையைப் பார்த்துச் சொக்கிப்போய், அன்றே வீட்டைப் பேசி முடித்தான். தொழில் வேறு, உறவு வேறு என்று தரகர் கமிஷனையும் விடவில்லை.

குளிர்காலம் தொடங்கியதும் போன் வந்தது.

"மாமா, மலையைக் காணோம்."

"அது பனிப்பா. வெயில் ஏறினா விலகிடும்."

"மத்தியானம் ஆயிடுச்சு மாமா. பாப்பாவுக்கு வேற மூச்சு இழுக்குது."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கி வைத்தாள். அவருடைய துணிகளை ஒரு பையில் திணித்து நீட்டினாள்.

"ஒரு வாரம் அங்க போய்த் தங்கிட்டு வாங்க. நல்லா வியூ பாருங்க."

போனார். காலையில் பால்கனிக் கம்பியைப் பிடித்த கை, மை பூசியது போலக் கறுத்தது. இரண்டொரு நாளில் அவர் நெஞ்சுக்குள்ளும் விசில் அடித்தது. மருந்து ஆவிக்கான முகமூடியை வைத்துக்கொண்டு குழந்தை அவரையே பார்த்தாள். மனிதர் கூனிக்குறுகிப்போனார். கடைக்கு ஓடி, காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் ஒன்றை வாங்கிவந்து அவள் அறையில் வைத்தார். குழந்தை இருமாமல் தூங்கினாள். மச்சான் கண்கலங்கி நன்றி சொன்னபோது தரகருக்கும் தொண்டை அடைத்தது. பாசமா புகையா என்று அவருக்கே தெரியவில்லை.

மனசாட்சி உறுத்தியது அத்தோடு சரி. மிஷினைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்ததும் அவருக்கு மூளை வேலை செய்தது. வீடு திரும்புவதற்குள் கடைக்காரரிடம் பேசி ஏஜென்சி எடுத்துவிட்டார். இப்போதெல்லாம் வீட்டை விற்ற கையோடு மிஷினையும் தலையில் கட்டிவிடுகிறார்.

"உங்களுக்கு வெக்கமாவே இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"ஊருக்கு நல்லதுதானேடி பண்றேன்" என்று இருமினார்.

"அப்ப நம்ம வீட்டுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"நமக்கு எதுக்கு? அடக்க விலையே ஜாஸ்தி."