சட்டைப் பையில் இரண்டு திருகாணிகள்

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை மாலை நாலு இருபதுக்கு. அந்நேரம் பத்திநாதன் ஒரு ஸ்டூலின் மேல் நின்று, கௌஸ் முகம்மதுவின் மளிகைக் கடை ஏசியில் காதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். பழுதான ஏசியை அவர் எடுத்தவுடன் திறக்கமாட்டார். முதலில் கேட்பார். கேட்டுவிட்டு, "ஆளுக்கு மூச்சு முட்டுது" என்பார். சில சமயம், "ஆள் நடிக்கிறார், ஒண்டுமில்லை" என்று மூடியில் ஒரு தட்டுத் தட்டுவார், ஓடத் தொடங்கிவிடும். மனாமா நகரத்துக் குதைபியாவில், ஆகஸ்ட் மாதத்தில், அவருக்கு இருந்த மரியாதை டாக்டருக்குக்கூடக் கிடையாது.

"பத்தி அண்ணே, போனு! ஒங்க அமெரிக்காக்காரரு!" என்று கல்லாவிலிருந்து கௌஸ் முகம்மது கூவினார்.

பத்திநாதன் இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினார். நாலைந்து முறை "யெஸ், பிரசிடென்ட்" என்றார். கடைசியில், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தான் டை கட்டி வரவேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வேண்டும் என்று பதில் வந்திருக்க வேண்டும்; கழுத்தைத் தடவிக்கொண்டே ரிசீவரை வைத்தார்.

"என்னண்ணே, விசா பிரச்சினையா?"

"இல்லையப்பா. கோர்ட்."

"கோர்ட்டா? யா அல்லா! எந்தக் கோர்ட்டு?"

"சபைக் கோர்ட். மேல இருக்கிற ராச்சியத்தில எனக்கு இடம் இருக்கோ இல்லையோ எண்டு விசாரிக்கினம்."

கௌஸ் முகம்மது யோசித்தார். வளைகுடாவில் கால் வைக்கப் பொறுப்பேற்க ஓர் அரபி கஃபீல் வேண்டும். பதினைந்து வருடத்தில் அவர் ஐயமறக் கற்ற சட்டம் அது ஒன்றுதான். "அங்கயும் கஃபீல் உண்டாண்ணே?"

"இருந்தவர். இப்ப அவர்தான் கான்சல் பண்ணப் போறார் போல கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் பத்திநாதன் மறுபடி ஸ்டூலில் ஏறினார்.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர் அவர். மோர்மன் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தது தொழில் வழியாகத்தான். 1979இல், ஒரு வெள்ளிக்கிழமை, அமெரிக்கப் பொறியாளர் ஒருவரின் வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனார். கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருபது பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே விடுமுறை வெள்ளி என்பதால் மோர்மன் சபையார் தங்கள் ஞாயிறை வெள்ளிக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்கும் பாதிரியார் அவர்களுக்குக் கிடையாது. வீட்டுக்காரரான பொறியாளரே தலைவர், அதாவது 'பிரசிடென்ட்'. ஏசி குளிர்ந்த பிறகும் பத்திநாதன் போகவில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய மகன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. "பிரதர்" என்றார்கள், ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். அதுவரை அவர் போன வீடுகளில் ஸ்டூல்தான் தந்திருந்தார்கள், அதுவும் ஏறி நிற்பதற்கு.

ஞானஸ்நானம் பிரசிடென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் நடந்தது. முழு உடம்பும் தண்ணீருக்குள் போகவேண்டும், கால் விரல் வெளியே தெரிந்தாலும் செல்லாது என்பது சபையின் விதி. கடற்கரையில் வளர்ந்த உடம்பு, சாய்த்தவுடன் மிதந்தது. முதல் தடவை பெருவிரல் எழும்பியது. இரண்டாம் தடவை இரண்டு பாதங்களும். மூன்றாம் தடவை முழங்காலை ஒருவர் பிடித்து அமுக்க, பத்திநாதன் இரட்சிக்கப்பட்டார். "என்னை மோட்சத்துக்கு அனுப்பிறதுக்கு மூண்டு பேர் வேண்டியிருந்தது" என்று பின்னாளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மோர்மன்கள் தேநீர் குடிக்கக்கூடாது. வளைகுடாவில் ஏசிக்காரர் ஒருவர் தேநீர் மறுப்பது லேசான காரியம் அல்ல. எந்த வீட்டில் கருவியைப் பிரித்தாலும் கண்ணாடிக் குவளை வந்து நிற்கும். "சுகர் இருக்கா, பாய்?" என்று இரங்குவார்கள். "இல்லை, சமயம்" என்பார். பத்து வருடத்தில் ஒரு மிடறு இறங்கவில்லை. ஆனால் வீட்டில் தினமும் ஏழு தேநீர் போடுகிறவர் அவரே. வாசனையை வைத்தே சீனி கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். ஏழையும் குடிப்பவர் யேசுதாசன்.

யேசுதாசன் குமரிமாவட்டக் கடற்கரைக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டு ஏசி ஒன்று இருவரையும் அறிமுகப்படுத்தியது. ஆறு வருடமாக ஒரே அறை. எட்டுப் பேர் ஓர் அறையில் படுக்கும் ஊரில் இவர்கள் இருவருக்கே ஓர் அறை எடுத்ததைத்தான் அக்கம்பக்கம் ஊதாரித்தனம் என்று பேசியதே தவிர, வேறு எதையும் யோசிக்கவில்லை. அவர்கள் கல்யாணமானவர்கள் போல வாழ்ந்தார்கள்: நேசத்தோடும், குளியலறையில் ஈரத் துண்டைப் போட்டது யார் என்ற ஓயாத சண்டையோடும்.

சபையில் வருடத்துக்கொரு முறை பிரசிடென்ட் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேள்வி கேட்பார். எல்லா நடத்தையிலும் நேர்மையாக இருக்கிறீரா என்பது அதில் ஒன்று. ஐந்து வருடம் "ஆம்" என்றவருக்கு ஆறாவது வருடம் அந்தச் சொல் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஈரத் துண்டைக்கூட.

"உம்மகிட்ட யாருவே கேட்டா?" யேசுதாசன் அன்று குவளையை ஓங்கி வைத்த வேகத்தில் தேநீர் சுவரில் தெறித்தது. "ரெண்டு ஆம்பிளைய ஒரே ரூமுல கெடக்கத ஒருத்தனாவது திரும்பிப் பாத்துருக்கானா? வெளிய தெரிஞ்சா நாளைக்கே ரெண்டுபேரையும் பிளேன்ல ஏத்திருவான்!"

"வெளிய போகாது. பிரசிடென்ட் சத்தியம் பண்ணினவர்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்னவாம்?"

"பொய் சொல்லக்கூடாதெல்லோ."

"ஓய், ஆறு வருசமா ஏசிய ஒரு தட்டு தட்டிட்டு, பெரிய வேலைன்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கீரே, அது என்னதாம்வே?"

"அது தொழில்," என்று பத்திநாதன் சுவரைத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, டை கட்டி பிரசிடென்ட் வீட்டுக்குப் போனார். தொழில் பெட்டி காரில் இருந்தது. இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. பிரசிடென்டும் இரண்டு ஆலோசகர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஆலோசகரில் ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர், மற்றவர் ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். மூவருமே அவர் கையால் ஏசி சரிபார்க்கப்பட்டவர்கள். மூவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேள்வி ஒன்றுதான். யேசுதாசன் வேறு அறைக்குப் போனால் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். இல்லையென்றால் சபையின் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். போகச் சொல்வீரா?

பத்திநாதன் டையைத் தளர்த்தினார். யேசுதாசனுக்கு நைட் டியூட்டி, காலையில் களைத்து வருவார், சாவியை எப்போதும் எங்காவது மறந்துவிடுவார், கதவு திறக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அவர் சொன்ன பதில் அவ்வளவுதான்.

அவரைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். பிரசிடென்டின் மனைவி பச்சை ஜெல்லியை ஒரு கிண்ணம் நிறைய வைத்தார். அவர் அதைப் பாதி சாப்பிடும்போது, கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த 'உம்' என்ற ஓசை நின்றது. பத்திநாதனின் கரண்டியும் நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. கதவு திறந்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நின்ற பிலிப்பைன்ஸ்காரர், "பிரதர்..." என்று மட்டும் சொன்னார்.

பத்திநாதன் போய் ஏசி மூடியின் நாலு திருகாணிகளையும் கழற்றினார். காதை வைத்தார். "கப்பாசிட்டர் பழுதாப் போட்டுது," என்று தமிழிலேயே அறிவித்தார். பள்ளி ஆசிரியர் டார்ச் பிடித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால் தீர்ப்பைப் பற்றிப் பேசக்கூடாது. அவர் ஏசியைச் சரிசெய்யாமல் அந்த வெக்கையில் உட்காரவும் முடியாது. ஆகவே மூன்று நீதிபதிகளும் இருபது நிமிடம் கம்பளத்தைப் பார்த்தபடி மௌனமாக வியர்த்தார்கள். காரில் இருந்த புதுக் கப்பாசிட்டர் பொருந்தியது. குளிர்காற்று மேசைமேல் அடித்தது. "ஆ!" என்று மூவரும் ஒன்றாகச் சொன்னார்கள். "கடவுள் உம்மை ஆசீர்வதிக்கட்டும், பிரதர்!" என்று பிரசிடென்ட் வாய் நிறையச் சொல்லிவிட்டு, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து இருமினார்.

பத்திநாதன் மூடியை வைத்து மேல்பக்கத்து இரண்டு ஆணிகளைத் திருகியிருந்தார். தயவுசெய்து உட்காருங்கள் என்றார்கள். மற்ற இரண்டும் உள்ளங்கையில் இருக்க, உட்கார்ந்தார். பிரசிடென்ட் வாசித்தார். பெயர் நீக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் வரலாம், கேட்கலாம்; வழிபாட்டில் பங்கிடும் அப்பமும் தண்ணீரும் எடுக்கக்கூடாது, கூட்டத்தில் வாய்திறந்து ஜெபிக்கக்கூடாது. வாசித்த குரல் கடைசி வரியில் உடைந்தது. காகிதத்தை மடித்தார், கூட்டம் எதுவானாலும் முடிவில் யாரையாவது ஜெபிக்க அழைக்கும் பல வருடப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

"இப்போது பிரதர் பத்திநாதன் நமக்காக முடிவு ஜெபம் செய்வார்."

பத்திநாதனும் பழக்கத்தால் எழுந்தார். கைகளைக் கட்டினார், கண்ணை மூடினார். மூவரும் தலை குனிந்தார்கள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"பிரசிடென்ட், இரண்டு நிமிடத்துக்கு முன்பிருந்து எனக்கு அனுமதி இல்லை என்று நினைக்கிறேன்."

யாரும் தலையை நிமிர்த்தவில்லை. பிரசிடென்டின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பத்திநாதனுக்குத் தெரியவில்லை. பார்த்து நிற்பது மரியாதையல்ல என்று எண்ணி, இரண்டு ஆணிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று வீட்டில் யேசுதாசனே தேநீர் போட்டார், இரண்டு குவளை. ஒன்றை முன்னால் தள்ளினார். "குடியும். இனி உம்மள யாரு கேக்கப் போறா?"

பத்திநாதன் முகர்ந்து பார்த்தார். "சீனி கூடிப் போச்சு," என்று திருப்பித் தள்ளினார். "பேரைத்தானே வெட்டினவை. என்னை வெட்டினவையோ?"

யேசுதாசன் இரண்டையும் தானே குடித்தார்.

மறு வெள்ளி பத்திநாதன் தொழில் பெட்டியோடு போனார். ஏசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அப்பத் தட்டு வந்தபோது கை தானாக நீண்டது. தட்டை வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்தார். கை வெறுமனே மடிக்குத் திரும்பியது; கொஞ்ச நேரம் அதை என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் பிரசிடென்ட் வந்து ஏசியைக் காட்டி, அந்த மூடியை இன்று முடித்துவிடலாமா என்று கேட்டார். ஆணி கொண்டுவர மறந்துவிட்டேன், அடுத்த வெள்ளி வருகிறேன் என்றார் பத்திநாதன். பைக்குள் ஆணிகள் உரசுவது இருவருக்குமே கேட்டது.

பிரசிடென்ட் பொறியாளர். அவர் வீட்டு மேசை இழுப்பறையில் எல்லா அளவிலும் திருகாணிகள் புட்டி புட்டியாக இருக்கின்றன. அரை நிமிட வேலை. அவர் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கேட்கிறார்; இவர் ஒவ்வொரு வெள்ளியும் மறக்கிறார். வியாழக்கிழமை சட்டை துவைக்கும் யேசுதாசன், "எடுத்து எறிஞ்சா என்னவே இத?" என்று திட்டிக்கொண்டே பையிலிருந்து இரண்டையும் எடுத்து, காய்ந்த சாசர் ஒன்றில் வைத்து, ஜன்னலோரம், மறக்காமல் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கிறார்.

இரண்டு வருடம் ஆகிறது. ஏசி நன்றாகக் குளிர்கிறது. மூடியின் கீழ்ப்பக்கத்து ஆணிகள் இரண்டும் இன்னும் போட்டாகவில்லை.