காயாத பினாட்டு

நெடுந்தீவில் எங்கள் விடுமுறை முடியப்போகிறது என்பதை அம்மாவின் பட்டியல்தான் எனக்கு அறிவிக்கும். அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து என்னிடம் தந்துவிட்டு, ஹற்றனுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றை அம்மா வரிசையாகச் சொல்வார். ஒடியல், புழுக்கொடியல், நல்லெண்ணெய், கருவாடு, நீத்துப்பெட்டி இரண்டு, சுளகு ஒன்று, பினாட்டு. எழுதுவது என் வேலை. ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போனதும் அதற்கு நேரே சரி போடுவதும் என் வேலைதான். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அந்த வருடம் அதை வெறுப்போடு செய்தேன்.

அப்பா ஹற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். ஆவணி விடுமுறைக்கு அவர் பிறந்த வீட்டுக்கு வருவோம். அங்கே அவருடைய தங்கை, எனக்கு மாமி, தனியாக இருந்தார். மாமா தெற்கே கடை வைத்திருந்தபடியால் வருடத்துக்கு இரண்டு தரம்தான் வந்துபோவார். பிள்ளைகள் இல்லை.

தோட்டத்து வீட்டில் எனக்கு எல்லாரும் சொல்வார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். மாமி கேட்பார். "இண்டைக்கு என்ன கறி வைப்பம், நீர் சொல்லும் பாப்பம்" என்பார். நான் சொன்ன கறியையே வைப்பார். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குளிக்கவும் கழுவவும்தான் அது உதவும். குடிக்கிற நல்ல தண்ணீருக்குக் கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். அந்த நடைக்கு எனக்கென்று ஒரு சின்னக் குடம் வைத்திருந்தார். வழியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் எனக்குப் போட்ட சட்டம்.

அந்த வருடம் பட்டியலில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் சரி விழுந்துவிட்டது. பினாட்டு மட்டும் மிச்சம். பனம்பழத்தைப் பிசைந்து களியை வடித்து, முற்றத்தில் நாலு கால் நட்டுக் கட்டிய பந்தலின்மேல் விரித்த பாயில் வார்த்து, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு படை வார்த்து, நாளுக்கு நாள் தடிக்கவைத்துக் கடைசியில் தோல்போல உரித்தெடுப்பார்கள். அப்பாவுக்கு அதில் உயிர். பினாட்டு காய்ந்தவுடன் வெளிக்கிடுவோம் என்று அவர் சொல்லிவிட்டார். லீவில் இன்னும் சில நாட்கள் கையில் இருந்தன.

காய்ந்தால் போவோம். காயாவிட்டால் போகமாட்டோம். இதைவிட நேரான கணக்கு எனக்கு அதுவரை அகப்பட்டதில்லை.

மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் கிணற்றடித் தொட்டியில் ஒரு சிரட்டைத் தண்ணீர் மொண்டுகொண்டு போனேன். பந்தல் என்னைவிட உயரம். கிணற்றடிப் பக்கத்து மூலையில் கிடந்த கல்லில் ஏறிக் கையை நீட்டினால் ஒரு முழத் தூரம் எட்டும். அந்த ஒரு முழத்துக்குத் தெளித்துவிட்டு, சிரட்டையை இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டு வந்து பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா பினாட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது.

"சோளகக் காத்து இந்த அடி அடிக்குது. ஏன் தங்கச்சி இது காயேல்லை?"

இந்த முறைப் பழம் அப்படி என்றார் மாமி. இன்னும் ஒரு படை வார்த்தால் அண்ணைக்குப் பிடித்த தடிப்புக்கு வரும் என்று சொல்லி, அன்றும் களி பிசைந்தார். அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டு, "உத்தியோகத்தை விட்டிட்டு வந்து இதுக்குக் காவல் இருங்கோவன்" என்று அப்பாவைச் சீண்டினார்.

நான் மறுபடி தெளித்தேன். அடுத்த நாளும் தெளித்தேன். அப்பா நடுப்பாயை அழுத்திப் பார்த்தார், அதுவும் ஈரம். ஒரு சிரட்டைத் தண்ணீர் அவ்வளவு தூரம் போயிருப்பதைக் கண்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படி நான் சம்பாதித்தவை மூன்று நாட்கள். முதல் நாள் மாமியும் நானும் தெற்கு வெளிக்குப் போய், அங்கே கட்டாக்காலியாக மேயும் குதிரைகளைப் பார்த்தோம். இரண்டாம் நாள் அவர் எனக்குத் தலை முழுக வார்த்து, வெயிலில் இருத்தி, சிக்கெடுத்து, பின்னி, பிடிக்கவில்லை என்று அவிழ்த்து மறுபடி பின்னினார். மூன்றாம் நாள் ஒன்றும் செய்யவில்லை. பந்தலுக்குக் கீழே நிழலில் இருந்து, வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு காகம் கலைத்தோம். எதைக் கதைத்தோம் என்பது ஒன்றும் நினைவில் இல்லை. அதைத்தான் இப்போது அதிகம் தேடுகிறேன்.

அன்று பின்னேரம் அப்பா கலண்டருக்கு முன்னால் போய் நின்றார். காய்ந்தாலும் காயாவிட்டாலும் நாளைக்கு முதல் வள்ளத்தில் போவது என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் நிண்டால் நல்லாக் காய்ஞ்சிடும், அண்ணை."

"ஏலாது, தங்கச்சி. லீவு முடியுது."

மாமி பந்தலடிக்குப் போனார். பாதி காய்ந்த பினாட்டைப் பாயிலிருந்து மெல்லக் கிளப்பி, மடித்து, துண்டுகளாக வெட்டி, ஓலைப்பெட்டியில் அடுக்கினார். பட்டியலில் அதற்கு முழுச் சரி போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டேன்.

காலையில் துறையில் காற்று பலமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் பெட்டிகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழுதாய்ப்போன பினாட்டோடு அப்பா ஹற்றனுக்குப் போகப்போகிறார் என்ற பயம் எனக்கு. அதை வைத்துக்கொண்டு என்னால் வள்ளத்தில் ஏற முடியவில்லை.

"மாமி, பினாட்டுக்கு நான்தான் தண்ணி தெளிச்சனான்."

"தெரியும். கிணத்துத் தண்ணி. அந்த மூலை உப்புக் கரிக்குது."

"அப்பாட்டைச் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்லுறது?" மாமி என் பின்னலை இழுத்து நேராக்கினார். "உப்புத் துண்டுகளை அடியிலை வைச்சிருக்கிறன். மற்றதெல்லாம் நல்ல தண்ணி. நீர் பயப்பிடாமல் தின்னும்."

அப்பா கூப்பிட்டார். போய் ஏறிக்கொண்டேன்.

வள்ளத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமி காட்டிக்கொடுக்கமாட்டார். நான் கெடுத்தது ஒரு மூலையைத்தான். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை. துறைப் பக்கம் ஒருமுறை கை காட்டிவிட்டு, அலை தெறிப்பதைப் பார்க்க மறுபக்கம் திரும்பிவிட்டேன். அடுத்த ஆவணி வருமுன்னே மாமா வந்து மாமியைத் தன் கடையிருந்த ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்த வீட்டில் பிறகு நாங்கள் விடுமுறை கழிக்கவில்லை.

இப்போது நான் படவரைஞராக இருக்கிறேன். வாய்க்கால்களின் சரிவைத் தாளில் குறிப்பது என் தினசரி வேலை. கை சும்மா இருக்கிற நேரத்தில் சிலவேளை அந்தப் பந்தலை வரைந்து பார்ப்பேன். நாலு கால். கிணற்றடிப் பக்கத்துக் கால்கள் இரண்டும் நாலு விரற்கடை கட்டை. பாய் முழுவதும் கொஞ்சமாக என் மூலையை நோக்கித்தான் சரிந்திருந்தது. அங்கே தெளித்த தண்ணீர் நடுப்பாய்க்கு ஏறிப் போகாது. நடுவை நனைத்தது குடத்து நல்ல தண்ணீர்.

எட்டு வயதில் அது எனக்குத் தெரியவில்லை.